வெயில் அடிக்கும் நாளிலும் பனி சரியுமா?

காஷ்மீரின் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குக்குக் கிளம்பும் தண்டையார்பேட்டை தம்பி கேட்கிறார்: பனி பெய்து ஓய்ந்து, வெயில் அடித்தால் பயமில்லையே?

சரியும். காசிமேட்டில் மீன் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். உடைத்த ஐஸ் மேலே தகடாக இறுகியிருக்கும், அடியில் பொலபொலவென்று கிடக்கும். பெட்டியைச் சாய்த்தால் தகடு மொத்தமாக வழுக்கும். மலையிலும் அதே கதைதான். அடுக்குகளுக்கு நடுவே சர்க்கரை மாதிரி ஒட்டாத பனி சிக்கினால், வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். அதன் மேல் 30 முதல் 45 டிகிரி சரிவில் ஒருவர் ஏறினாலே போதும். பனிச்சரிவில் சிக்குபவர்களில் பெரும்பாலோர் தாங்களே கிளப்பிவிட்டதில்தான் சிக்குகிறார்கள். காற்று பனியை வாரிக் கொட்டிய பக்கம் இன்னும் மோசம். காலடியில் ‘தொப்’பென்று அமுங்கும் சத்தம் கேட்டால் திரும்பிவிடுங்கள்.

அப்புறம், புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டியாக வேண்டும். டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னலால் காட்டும் கருவி), துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் ஆளுக்கொன்று; கூட்டாளியை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள்.