பூம்பாறையின் பூண்டு

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் போனபோது பூம்பாறை வரை சென்றுவந்தோம். சாலை வளைவிலிருந்து பார்க்கையில் படிப்படியாக இறங்கும் வயல்கள் கண்ணை நிறைத்தன. ஊருக்குள்ளோ தங்கும் விடுதிகள் முளைத்துவருகின்றன. வழிவழியாக உழுத நிலத்தை இப்படிக் கைவிடலாமா? அந்த எளிய வாழ்க்கையை அவர்கள் காப்பாற்றிக்கொள்ளக் கூடாதா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

நீங்கள் பார்த்த வயல்களில் முக்கியமான பயிர் பூண்டு. அதற்கு விதையும் பூண்டுதான். விலை ஏறிக் கிடக்கும் வருடத்திலும் நல்ல பூண்டாகப் பார்த்து ஒரு பங்கை விற்காமல் ஒதுக்க வேண்டும். அதற்கே ஒரு மன உறுதி வேண்டும். பூம்பாறையை உள்ளிட்ட மேல்மலைப் பகுதியில், வீடொன்றின் அடுக்களையில் தாளோடு கட்டிய பூண்டுக் கொத்துகள் அடுப்புக்கு மேலே தொங்கக் கண்டேன். விறகுப் புகை படிந்து மேல்தோல் பழுப்பேறியிருந்தது. புகை பட்ட பூண்டு மாதக்கணக்கில் கெடாது. விலை வரும்வரை காத்திருக்க அவர்களுக்கு உள்ள கிடங்கு அந்த அடுப்படிதான். உரக்கடைப் பாக்கி அவ்வளவு நாள் காத்திருக்காது.

விலை முடிவாவது மலையிலும் அல்ல. பூண்டு பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. வெளிமாநிலப் பூண்டோடு அங்கே மல்லுக்கட்ட வேண்டும். காய்கறி என்றால் ஒட்டன்சத்திரம். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் அது பெயருக்குத்தான் காவல், மண்டியில் விலைக்கு அல்ல.

கொடைக்கானல் நகரமோ 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கு ஒதுங்க வந்ததில் தொடங்கியது. இன்றுவரை வந்துபோகிறவர்களை நம்பியே பிழைக்கிறது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிக்காரர்கள் பெரிய வைத்தியத்துக்கு அங்கேதான் பஸ் ஏற வேண்டும். சீசனில் உங்கள் காருக்குப் பின்னால் அதே நெரிசலில் கேரட் மூட்டை ஏற்றிய வண்டியும் நிற்கிறது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வாகனங்கள் முன்கூட்டியே இணையத்தில் பெற வேண்டிய இ-பாஸ் வந்தது. அது சுற்றுலா வாகனங்களைப் பற்றியது, காய்கறியின் விலைக் கவலை அதில் கிடையாது.

இந்த நிலையில் ஒருவர் வீட்டின் மாடியில் இரண்டு அறை எடுத்து வாடகைக்கு விட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். காட்டுமாடு மிதிக்காத, காட்டுப்பன்றி கிளறாத, மண்டிக்காரர் தரம் குறைக்காத பயிர் அது ஒன்றுதான். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக இன்னொருவர் நஷ்டத்தில் உழுதுகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, மன்னிக்கவும், சுற்றுலா வந்தவரின் பேராசை.

என் கோபம் வேறு இடத்தில். வெளியூர்ப் பணம் வந்து சரிவை இயந்திரத்தால் வெட்டி விடுதி எழுப்புகிறது. மழையில் மண் இறங்கினால் போவது கீழ்ப்படிக்காரரின் வயல். அந்தக் கட்டடத்துக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேளுங்கள். உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன்.

அடுத்த முறை போனால் பூண்டைப் பூம்பாறையிலேயே, விளைவித்தவரிடம் வாங்குங்கள். நகரத்துக் கடைகளில் சமவெளிப் பூண்டை மலைப்பூண்டு என்று தள்ளிவிடுவதும் உண்டு. பேரம் மட்டும் வேண்டாம்.