மாணவர் பேரவை நியமனம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சென்ற ஆண்டுத் தேர்தலில் எங்கள் மாணவர் பேரவைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். இங்கே பேரவைக்கென்று ஒரு நீதிக்குழு உண்டு. பேரவையின் தீர்மானங்கள் விதிப்படி இருக்கின்றனவா, தேர்தல் புகார்களில் யார் பக்கம் நியாயம் என்பவற்றை அந்தக் குழுவே முடிவு செய்யும். உறுப்பினர்களைத் தலைவர் முன்மொழிவார், பேரவை வாக்களித்து உறுதிசெய்யும்.

இம்முறை மூன்று இடங்கள் காலியாயின. தலைவர் முன்மொழிந்தவர்களில் இருவர் அவருடைய அணிக்காகத் தேர்தலில் வேலை பார்த்தவர்கள். அவர்களை ஐந்து நிமிடங்களில் உறுதிசெய்துவிட்டோம். மூன்றாமவர் முஸ்லிம் மாணவர் சங்கத்தின் செயலாளராக இருக்கும் ஒரு மாணவி. அவருடைய மதிப்பெண்களும் அனுபவமும் மற்ற இருவரையும்விட மேலானவை. ஆனால் மதம், வெளிநாட்டு அரசியல் சார்ந்த வழக்குகள் வந்தால் அவரால் நடுநிலையாக இருக்க முடியுமா என்று சிலர் கேட்டார்கள். கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரெஸ்ட், அதாவது தீர்ப்புச் சொல்பவருக்கே வழக்கில் சொந்த நலன் இருக்கும் நலன் முரண், என்ற சொல் அன்று பலமுறை எழுந்தது. அவரை வெளியே அனுப்பிவிட்டு நெடுநேரம் பேசி, முடிவெடுக்காமல் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தோம். எதிர்த்தவர்கள் என் நண்பர்கள், கெட்டவர்கள் அல்ல. அவர்களுடைய கேள்வியில் நியாயம் இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் தோன்றுகிறது. நான் எப்படி வாக்களிப்பது?

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் விவரித்திருக்கும் கூட்டத்தை ஏறத்தாழ அப்படியே ஒத்த ஒரு கூட்டம் 2015 பிப்ரவரி 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், அதாவது எல்லோரும் யூ.சி.எல்.ஏ. என்று அழைக்கும் வளாகத்தில் நடந்தது. அங்கே ஏறத்தாழ 30,000 இளங்கலை மாணவர்களின் பெயரால் செயல்படும் பேரவையின் நீதிக்குழுவுக்கு, பொருளியல் படித்துக்கொண்டிருந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரைத் தலைவர் முன்மொழிந்திருந்தார். அந்த மாணவி யூதர், யூத மாணவர் அமைப்புகளில் ஈடுபாடு கொண்டவர். பேரவை உறுப்பினர் ஒருவர் அவரிடம் கேட்ட முதற்கேள்விகளில் ஒன்று, யூத மாணவியாகவும் யூதச் சமூகத்தில் தீவிரமாக இயங்குபவராகவும் இருக்கும் நிலையில் ஒருபக்கம் சாயாத பார்வையை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்பது. இது பொருத்தமான கேள்வி அல்ல என்று தலைவர் இடைமறித்தார். ஆனால் கேள்வி அவையில் விழுந்துவிட்டது. மாணவியை வெளியே அனுப்பியபின் ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் அந்தக் கேள்வியைச் சுற்றியே பேச்சு நடந்தது. அவருக்குத் தகுதி இருக்கிறது என்பதில் பேசியவர்களுக்கு ஐயமில்லை. ஆயினும் ஏனென்று தெரியாத ஒரு தயக்கம் தமக்கு இருப்பதாக அவர்களில் ஒருவர் சொன்னதும் பதிவாகியிருக்கிறது.

முதல் வாக்கெடுப்பில் நால்வர் ஆதரித்தார்கள், நால்வர் எதிர்த்தார்கள், ஒருவர் விலகியிருந்தார். நியமனம் தோற்றது. அப்போது அங்கிருந்த ஆலோசகர் ஒருவர், ஒரு சமூகத்தின் அமைப்பில் உறுப்பினராக இருப்பது மட்டுமே நலன் முரண் ஆகாது என்று எடுத்துச்சொன்னார். உறுப்பினர்கள் மறுபடியும் பேசி, மறுபடியும் வாக்களித்து, ஒருமனதாக அவரை நியமித்தார்கள். எதிர்த்த நால்வரும் பின்னர் வளாகத்தின் மாணவர் நாளிதழில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் கூட்டத்தின் காணொளி பரவி, மார்ச் மாதத்தில் நாடு முழுக்கச் செய்தியாகிவிட்டது.

அந்த நால்வரையும் வெறுப்பாளர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒரே இரவில் தம் முடிவைத் திருத்திக்கொள்ளவும் பிறகு பெயர்போட்டு மன்னிப்புக் கேட்கவும் முடிந்தவர்கள் அவர்கள். நல்ல எண்ணம் கொண்ட மாணவர்கள் எந்தப் படிகளின் வழியாக அந்தக் கேள்விக்கு வந்துசேர்ந்தார்கள் என்று பார்ப்பதுதான் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். அதற்கு ஓராண்டு பின்னே போகவேண்டும்.

பாலஸ்தீனப் பகுதிகளில் நடக்கும் இஸ்ரேலிய ஆக்கிரமிப்பால் ஆதாயம் பெறுவதாகச் சொல்லப்பட்ட நிறுவனங்களில் பல்கலைக்கழகம் செய்திருக்கும் முதலீட்டைத் திரும்பப் பெறவேண்டும் என்ற தீர்மானம் 2014 பிப்ரவரியில் அதே பேரவைக்கு வந்தது. இரவு முழுவதும் நீண்ட கூட்டத்துக்குப் பிறகு ஏழுக்கு ஐந்து என்ற வாக்குகளில் அது தோற்றது. தீர்மானத்தை ஆதரித்தவர்கள் அதன்பின் நீதிக்குழுவில் ஒரு வழக்குத் தொடுத்தார்கள். வாக்களித்த உறுப்பினர்களில் இருவர் வெளி அமைப்புகளின் செலவில் இஸ்ரேலுக்குப் பயணம் போய்வந்தவர்கள், ஆகவே அவர்கள் வாக்களித்தது நலன் முரண் என்பது அவர்கள் வாதம். நீதிக்குழு 2014 மே மாதம் அந்த வாதத்தை ஏற்காமல், முரண் இல்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் புதிய பேரவை அத்தீர்மானத்தை எட்டுக்கு இரண்டு என்ற கணக்கில், இருவர் விலகியிருக்க, நிறைவேற்றியது. அடுத்த பிப்ரவரியில்தான் அந்த மாணவியின் நியமனம் வந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். 2014 வழக்கில் கேட்கப்பட்டது, நீங்கள் யாரிடமிருந்து எதைப் பெற்றீர்கள் என்பது. தீர்ப்பு எப்படி அமைந்திருந்தாலும் அது கேட்கத் தகுந்த கேள்வி. ஒரு பயணம், அதற்கு ஒருவர் கொடுத்த பணம், பிறகு போடப்பட்ட ஒரு வாக்கு ஆகிய மூன்றையும் விசாரிக்கலாம், ஆதாரம் கேட்கலாம், மறுக்கலாம். 2015இல் அதே சொல்லைக் கொண்டு கேட்கப்பட்டது, நீங்கள் யார் என்பது. இதற்கு ஆதாரம் காட்டவும் முடியாது, இதை மறுக்கவும் முடியாது. நலன் என்பது ஒருவர் பெற்றதையோ பெறப்போவதையோ குறித்த சொல். ஓராண்டுச் சண்டைக்குள் அது நழுவி, ஒருவர் பிறந்த சமூகத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. சொல் மாறவில்லை என்பதால், தாம் வேறொரு கேள்வி கேட்கிறோம் என்பது கேட்டவர்களுக்கே தெரியவில்லை. உங்கள் கூட்டத்தில் அச்சொல் பலமுறை எழுந்தது என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் அது எதைக் குறித்தது என்று கூட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்கள்.

இந்தக் கேள்வி அமெரிக்காவின் நீதிமன்றங்களில் நன்றாக அலசப்பட்ட ஒன்று. 1974இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு தொழிற்சங்கம் கறுப்பினத் தொழிலாளர்களை ஒதுக்கியதாக வந்த வழக்கை விசாரித்தவர் லியோன் ஹிகின்பாதம் என்ற கறுப்பின நீதிபதி. அவர் கறுப்பின வரலாற்று ஆய்வாளர்களின் கூட்டமொன்றில் உரையாற்றியதைச் சுட்டிக்காட்டி, அவர் வழக்கிலிருந்து விலகவேண்டும் என்று தொழிற்சங்கத் தரப்பு கேட்டது. அவர் மறுத்து நீண்ட ஆணை ஒன்றை எழுதினார். தான் கறுப்பினத்தவர் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்காக மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்று அதில் சொன்னார். வெள்ளை நீதிபதிகள் தம் சமூகத்தோடு உறவாடலாம், தம் மக்கள் கூட்டங்களில் பேசலாம், அதனால் அவர்கள் நடுநிலை கெடுவதில்லை, கறுப்பின நீதிபதி மட்டும் தன் மக்களிடமிருந்து துண்டித்துக்கொண்டால்தான் நடுநிலையானவர் என்பது என்ன நியாயம் என்பதே அவர் வாதத்தின் சாரம். அடுத்த ஆண்டு நியூயார்க்கில், பெண்களுக்கு எதிரான பாகுபாடு குறித்த வழக்கொன்றில் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்ற கறுப்பினப் பெண் நீதிபதியிடம் அதே கோரிக்கை வைக்கப்பட்டது. அவரும் மறுத்தார். பின்னணியோ பாலினமோ இனமோ ஒருவரை விலக்கப் போதுமென்றால், இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியுமே இவ்வழக்கை விசாரிக்க முடியாது, ஏனென்றால் எல்லோருமே வழக்கறிஞர்களாக இருந்தவர்கள், ஏதோவொரு பாலினத்தைச் சேர்ந்தவர்கள் என்று அவர் எழுதினார்.

மோட்லியின் இந்த வாதத்தை உங்கள் பேரவைக்குள் கொண்டுவந்து வையுங்கள். மத அமைப்பு எதிலும் சேராத ஒரு மாணவர் மதம் சார்ந்த வழக்கில் இயல்பாகவே நடுநிலையானவர் என்று உங்கள் நண்பர்கள் எண்ணுகிறார்கள். அவருக்கும் ஒரு வீடும் வளர்ப்பும் உண்டு, கேட்டு வளர்ந்த கதைகளும் அச்சங்களும் உண்டு. பெரும்பான்மையின் பார்வை பார்வையாகவே தெரியாமல் வெறும் வெளிச்சம்போலத் தெரிவதால், சிறுபான்மையினரின் பார்வை மட்டுமே சாய்வாகக் கண்ணில் படுகிறது. மற்ற இருவரிடம் இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. அவர்களில் ஒருவர் தேவாலயத்துக்குப் போகிறவரா என்பதுகூட உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் உங்கள் நண்பர்களின் தயக்கத்தில் ஒரு பகுதி நியாயமானது, அதை விட்டுவிடவும் கூடாது. அந்த மாணவி சங்கத்தின் உறுப்பினர் மட்டுமல்ல, செயலாளர். சங்கங்களுக்குப் பேரவை நிதி ஒதுக்குகிறது. நாளை அவருடைய சங்கமே ஒரு தரப்பாக நீதிக்குழுவின் முன் வந்து நின்றால், அவர் அந்த வழக்கில் உட்காரக் கூடாது. அது முஸ்லிம் சங்கம் என்பதால் அல்ல, அவர் அதன் பொறுப்பாளர் என்பதால். நாடகக் குழுவின் செயலாளருக்கும் படகுப்போட்டி அணியின் பொருளாளருக்கும் இதே விதிதான். ஆகவே, உங்கள் சங்கம் தரப்பாக வரும் வழக்கில் விலகிக்கொள்வீர்களா, அல்லது நியமனம் கிடைத்தால் செயலாளர் பொறுப்பை விடுவீர்களா என்று அவரிடம் கேட்கலாம். அதே கேள்வியை, வகிக்கும் பொறுப்புகளைச் சொல்லச் சொல்லி, மூவரிடமும் கேட்டிருக்க வேண்டும்.

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஒன்றில்தான் என் கவலை அதிகம். தலைவரின் அணிக்காக வேலை பார்த்த இருவர் ஐந்து நிமிடங்களில் உறுதியானார்கள். அந்தக் குழுதான் தேர்தல் புகார்களையும் விசாரிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த தேர்தலில் தலைவரின் அணி மீண்டும் நிற்கும். அப்போது அந்த அணிமீது புகார் வந்தால், தீர்ப்புச் சொல்லும் இடத்தில் சென்ற தேர்தலில் அதற்காகத் துண்டறிக்கை கொடுத்தவர்கள் இருப்பார்கள். நலன் முரண் என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் தேடுகிறவர்கள் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது கடினம். அன்று இதை எவரும் எழுப்பவில்லை. ஒரு மாணவியின் மதத்தைக் குறித்து மணிக்கணக்கில் பேசிய அவை, கண்முன்னே இருந்த உண்மையான முரணை ஐந்து நிமிடத்தில் கடந்துபோனது. காலியிடங்களை முன்கூட்டியே எல்லா மாணவர்களுக்கும் அறிவிப்பது, விண்ணப்பங்களைப் பேரவை முழுவதும் பார்ப்பது, சென்ற தேர்தலில் எந்த அணிக்காவது வேலை பார்த்தவர் அடுத்த தேர்தல் வழக்கில் விலகவேண்டும் என்று விதியிலேயே எழுதுவது என இதற்கு எளிய வழிகள் உண்டு. இவை இல்லாதவரை, உறுதிசெய்யும் அதிகாரம் பேரவையிடம் இருப்பதாகச் சொல்வதில் பொருள் குறைவு.

அரசியல் செயல்பாட்டைப் பற்றிக் கேட்கவே கூடாதா என்று உங்கள் நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் மாணவர் ஒருவருக்கு இடம் உண்டு. 2013இல் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்ட மாணவி, அப்பொறுப்புக்கு வந்த முதல் முஸ்லிம். பெர்க்லி வளாகத்தில் முதலீட்டுத் திரும்பப்பெறல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் என்று சொல்லி அவரைச் சிலர் எதிர்த்தார்கள். 2014இல் நியமிக்கப்பட்டவர் யூ.சி.எல்.ஏ. பேரவையிலிருந்து வந்தவர். தேர்தலுக்கு வெளியாரிடம் நன்கொடை பெற்று அதைச் சொல்லவில்லை என்பது அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. இருவரும் நியமனம் பெற்றார்கள். அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்தையும் பெற்றதாகச் சொல்லப்பட்ட பணத்தையும் பற்றி எழுந்தவரை அவை செயல்களைக் குறித்த கேள்விகள், இருவராலும் பதில் சொல்ல முடிந்தவை. உங்கள் மாணவியிடம், அவர் எழுதியதையோ பேசியதையோ காட்டி யாராவது கேள்வி கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசியதைப் பற்றியும் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தேர்வுக்குழுவில் இருந்தேன். வந்தவர் வெளியேறிக் கதவு சாத்தப்பட்டதும், அவருடைய குடும்பத்தையும் சாதியையும் பற்றி ஒருவர் மெதுவாகப் பேசத் தொடங்கினார். அவர் எதிரில் இருந்தபோது ஒருவரும் சொல்லத் துணியாத சொற்கள் அவை. நான் மறுத்துப் பேசவில்லை. அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அன்று வாய்திறக்காமல் இருந்தது இன்றும் என்னை உறுத்துகிறது. வேட்பாளர் இல்லாதபோது பேசுவது பல அவைகளில் வழக்கம்தான். ஆனால் அவர் முகத்துக்கு நேரே கேட்கக் கூசும் ஒன்றை அவர் முதுகுக்குப் பின்னால் காரணமாக வைப்பது வேறு.

அடுத்த வாரம் கூட்டம் தொடங்கியதும், மூன்று நியமனங்களையும் ஒரே அளவுகோலில் மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அது தோற்றாலும் குறிப்பில் பதிவாகும். விலகல் பற்றிய கேள்விக்கு அந்த மாணவி நேர்மையான பதில் சொன்னால் அவருக்கு ஆதரவாக வாக்களியுங்கள். யாராவது மறுபடியும் அவருடைய மதத்தை எடுத்தால், அவர் அறைக்குள் இருக்கும்போதே எழுந்து மறுத்துப் பேசுங்கள்.

அன்புடன்.