சுப்ரீம் கோர்ட் தடையை நீக்கிய பம்ப் ஸ்டாக்கை நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: டல்லாஸில் வசிக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. சென்ற ஆண்டு இங்கே ஒரு கடையில் என் ரைஃபிளுக்குப் பம்ப் ஸ்டாக் (மிக வேகமாகத் தொடர்ந்து சுட உதவும் துணைக்கருவி) வாங்கினேன், பில்லும் உண்டு. வேலை மாறி அடுத்த மாதம் குடும்பத்தோடு நியூ ஜெர்சி எடிசனுக்குப் போகிறோம். "சுப்ரீம் கோர்ட்டே சரி என்று சொல்லிவிட்டது, எந்த மாநிலத்திலும் கேட்க முடியாது" என்கிறார் நண்பர். உண்மையா? ஹெச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பியும் அவ்வப்போது என்னோடு ரேஞ்சுக்கு வந்து சுடுவான். அதில் ஏதும் சிக்கல் வருமா?

பதில்: பம்ப் ஸ்டாக்கை எடுத்துப் போகாதீர்கள். லாரியில் சாமான் ஏற்றுவதற்கு முன்பே டெக்சாஸில் அதைக் கைகழுவிவிடுங்கள். உங்கள் நண்பர் தீர்ப்பின் செய்தியை மட்டும் கேட்டிருக்கிறார். தீர்ப்பு எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்பதைப் பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகாஸில் ஓட்டலின் 32-வது மாடியிலிருந்து ஒருவன் இசை நிகழ்ச்சிக் கூட்டத்தின் மீது சுட்டான். சுமார் பத்து நிமிடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். 60 உயிர்கள் போயின. அவன் துப்பாக்கிகளில் பம்ப் ஸ்டாக் மாட்டியிருந்தது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் இந்தப் பொருளை அனுமதித்து வந்த, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் துறையான ஏ.டி.எஃப்., 2018 டிசம்பரில் இதையும் இயந்திரத் துப்பாக்கி என்று விதி போட்டுத் தடை செய்தது. டெக்சாஸ் ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை நடத்தும் மைக்கேல் கார்கில் தன்னிடம் இருந்த இரண்டை ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார்.

வழக்கு முழுவதும் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரே ஒரு தொடரைச் சுற்றியது: விசையின் (ட்ரிகரின்) 'ஒரே இயக்கத்தில்', தானாகவே, ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுடுவதுதான் இயந்திரத் துப்பாக்கி. பம்ப் ஸ்டாக்கில் விரல் அசையாமல் இருக்கும். சுட்ட வேகத்தில் துப்பாக்கி பின்னால் போகும், இடது கை முன்னால் தள்ளும், விசை மறுபடி வந்து விரலில் இடிக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசை விடுபட்டுத் திரும்ப அழுந்துகிறது. ஆகவே அது ஒரே இயக்கம் அல்ல என்று 2024 ஜூன் 14-ல் 6-3 பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அதை எழுதிய நீதிபதி தாமஸ் விசையின் உள்பாகங்களைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார். நீதிபதி சோட்டோமேயர் தன் மாற்றுத் தீர்ப்பை மன்றத்தில் வாசித்தார். சுடுபவர் ஒருமுறை விரலை வைத்து அழுத்தம் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கிறது என்பது அவர் வாதம். என் மனம் அவர் பக்கம்தான். ஆனால் சட்டம் இன்று பெரும்பான்மை சொன்னதுதான்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த வழக்கில் ஆயுதம் வைத்திருக்கும் அரசியலமைப்பு உரிமை பற்றிய கேள்வியே இல்லை. பம்ப் ஸ்டாக் வைத்திருப்பது உங்கள் உரிமை என்று நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. பழைய சட்டத்தின் சொற்களுக்குள் அது அடங்காது என்று மட்டும் சொன்னது. அமெரிக்க நாடாளுமன்றம் விரும்பினால் சட்டத்தைத் திருத்தலாம் என்று நீதிபதி அலிட்டோ தனியாகவே எழுதினார். மாநிலங்கள் தனியாகப் போட்ட தடைகளைத் தீர்ப்பு தொடவே இல்லை. நியூ ஜெர்சி 2018 ஜனவரியிலேயே பம்ப் ஸ்டாக்கைப் பெயர் சொல்லித் தடை செய்துவிட்டது. துப்பாக்கியே இல்லாமல் அதை மட்டும் அலமாரியில் வைத்திருந்தாலும் மூன்றாம் நிலைக் குற்றம்: 3 முதல் 5 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. டல்லாஸ் பில் அங்கே உங்களைக் காப்பாற்றாது.

கிரீன் கார்டுக்காரர் என்பதால் உங்களுக்குப் பயம் இன்னும் அதிகம் வேண்டும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டம் வழி செய்கிறது. அதில் துப்பாக்கி மட்டுமல்ல, உதிரி பாகம், துணைக்கருவி என்ற சொற்களும் உண்டு. உங்கள் பொருள் அதற்குள் வராது என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தைக் குடியேற்ற நீதிமன்றத்தில், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு நின்று செய்ய வேண்டியவர் நீங்கள்.

ரைஃபிளையும் அப்படியே எடுத்துப் போகாதீர்கள். ஏ.ஆர்.-15 வகை என்றால் நியூ ஜெர்சியில் தடை இருக்கிறது. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் கூடாது. புதிதாகக் குடிவருபவர் துப்பாக்கிக்கான அடையாள அட்டை வாங்கித் துப்பாக்கியைப் பதிவு செய்யவும் வேண்டும். மாடல் பெயரைச் சொல்லி அந்த மாநில வக்கீல் ஒருவரிடம் முதலில் கேளுங்கள்.

அப்புறம் உங்கள் தம்பி. உண்மையில் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்தக் கடைசி வரிதான். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் சேரும். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அது அவரிடம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் இனி ரேஞ்சுக்கு அழைத்துப் போக வேண்டாம். தெரிந்தே கொடுத்தால் உங்கள் மேலும் வழக்கு வரலாம். அவர் ரேஞ்சில் சுடும் படங்களை யாரும் முகநூலில் போடவும் வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால், அழிப்பதற்கு முன் ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசிவிடுங்கள்.