கொல்கத்தா அருங்காட்சியகத்தில் அரை நாள்

கேள்வி: உறவினர் திருமணத்துக்காகக் கொல்கத்தா செல்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு அங்குள்ள இந்திய அருங்காட்சியகத்தைக் காட்ட ஆசை. கிடைப்பதோ அரை நாள். எதைப் பார்ப்பது, எதை விடுவது? – ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி.

பதில்: முதலில் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை விடுமுறை. டென்மார்க் நாட்டுத் தாவரவியலாளர் நத்தானியேல் வாலிக்கின் முயற்சியால் 1814-ல் தொடங்கப்பட்டு, 1878 முதல் சௌரங்கிச் சாலையில் உள்ள இப்போதைய கட்டடத்தில் இயங்கிவரும் இந்த அருங்காட்சியகத்தில் கலை, தொல்லியல், மானிடவியல், நிலவியல், விலங்கியல், தாவரவியல் என ஆறு பிரிவுகள் இருப்பதால், அரை நாளில் அனைத்தையும் பார்க்க முனைந்தால் கால் வலிதான் மிஞ்சும்.

ஆகவே கால் ஓயும் முன்பே பார்ஹுத் கூடத்துக்குச் சென்றுவிடுங்கள். மத்தியப் பிரதேசத்தின் சத்னா அருகே உள்ள பார்ஹுத்தில், ஊரார் வீடு கட்ட எடுத்துச் சென்றது போக எஞ்சிக் கிடந்த பௌத்தத் தூபியின் கல்வேலியைத் தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் கன்னிங்காம் 1873-ல் கண்டறிந்தார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் செந்நிறக் கற்கள்தான் இக்கூடத்தில் நிற்கின்றன. அவற்றில் ஒரு வட்டச் சிற்பத்தை மட்டும் மகனுக்கு நிதானமாகக் காட்டுங்கள். ஜேதவனத் தோட்டத்தின் தரை முழுவதும் பொற்காசு பரப்பி, அதையே விலையாகக் கொடுத்து வாங்கிப் புத்தருக்கு அளித்த அனாதபிண்டிகர் என்ற வணிகரின் கதை அது. நுகத்திலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட மாடுகள் வண்டியருகே படுத்திருக்க, ஆட்கள் குந்தியமர்ந்து சதுரச் சதுரமான காசுகளைத் தரையில் அடுக்குகிறார்கள். நடுவே வணிகர் கெண்டியைக் கையிலேந்தித் தாரை வார்க்கிறார். தானத்தைப் பெறும் புத்தரை மட்டும் காண முடியாது. அவரை மனித உருவில் வடிக்கும் வழக்கம் அன்று இல்லை. மரமும் இருக்கையும் சக்கரமும் பாதச் சுவடும்தான் அவரைக் குறித்தன. எந்தத் தூணை யார் செய்தளித்தார் என்று பிராமி எழுத்தில் பெயர் பொறித்திருப்பதையும் காட்டுங்கள். டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதும் நம் ஊர்க் கோயில் வழக்கம் அவனுக்கு உடனே நினைவுக்கு வரும்.

அடுத்ததாக, சிவாலிக் மலைப்பகுதியில் கிடைத்த பழங்கால விலங்குகளின் எலும்புகளைக் காட்டலாம். பாடம் செய்யப்பட்ட பறவைகளும் விலங்குகளும் வரிசையாக நிற்கும் விலங்கியல் கூடங்களை நடந்தபடியே பார்த்தால் போதும். எகிப்திய மம்மியை அவன் கேட்காமல் விடமாட்டான். அது உண்மையானதுதான், ஆனால் கூட்டம் எப்போதும் அதைச் சுற்றியே நிற்பதால், அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வங்காளிகள் அதை 'ஜாதுகர்' என்கிறார்களாமே, ஏன்? – மதுரை வாசகர்.

பதில்: 'ஜாது' என்றால் மாயம், 'கர்' என்றால் வீடு. அருங்காட்சியகம் எதுவானாலும் வங்காளியில் அதற்கு இதுவே பெயர். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பழைய சென்னைவாசிகள் வைத்த பெயரோ 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை அவர்களுக்கு 'உயிர் காலேஜ்'. வங்காளிப் பெயரில் கவர்ச்சி அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். துல்லியத்தில் சென்னைக்காரர்களை மிஞ்ச முடியாது.