ஆன்டித்ராம்பினைக் குறை சொல்லும் முன் ஹெப்பாரினைப் பாருங்கள்

கேள்வி: காரைக்குடியில் ஆய்வு மாணவி நான். ஆவாரம்பூச் சாறு, இரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற நொதியைத் தடுக்குமா என்று பார்க்கிறேன். ஒப்பிட, த்ராம்பினைத் தடுக்கும் மனிதப் புரதமான ஆன்டித்ராம்பின் (மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரித்த ரீகாம்பினன்ட் வகை) வாங்கினேன், நன்றாகத் தடுத்தது. அதோடு சேர்த்துவந்த ஹெப்பாரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) லேபில் தீர்ந்ததும், மருந்துக்கடையில் ஹெப்பாரின் வகையான எனாக்ஸாபாரின் ஊசி வாங்கிச் சேர்த்தேன். அதிலிருந்து தடுப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்த வெயிலில் புரதம் கெட்டிருக்குமா?

பதில்: வெயில்மேல் பழி போடுவதற்கு முன், நீங்கள் மாற்றிய ஒரே பொருளைப் பாருங்கள்.

ஆன்டித்ராம்பின் தனியாகவே த்ராம்பினைப் பிடிக்கும், ஆனால் மிக மெதுவாக. ஹெப்பாரின் சேர்ந்தால் வேகம் ஆயிரம் மடங்கு கூடும். ஹெப்பாரின் என்பது சர்க்கரை அலகுகள் கோத்த சங்கிலி. அதில் குறிப்பிட்ட 5 அலகுகள் ஆன்டித்ராம்பினோடு ஒட்டி அதன் வடிவத்தை மாற்றுகின்றன. இரத்தம் உறைவதில் பங்குள்ள இன்னொரு நொதியான ஃபேக்டர் 10ஏ-வைத் தடுக்க அதுவே போதும். த்ராம்பினுக்குப் போதாது. ஆன்டித்ராம்பின், த்ராம்பின் இரண்டும் ஒரே சங்கிலியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அதற்குக் குறைந்தது 18 அலகு நீளம், ஏறத்தாழ 5,400 டால்டன் (மூலக்கூறு எடையைச் சொல்லும் அளவை), தேவை. சாதாரண ஹெப்பாரினின் சராசரி சுமார் 15,000 டால்டன். எனாக்ஸாபாரினுக்கோ சுமார் 4,500தான். அதன் சங்கிலிகளில் பெரும்பாலானவை அந்த நீளத்தை எட்டாது. நோயாளிக்கு அது அருமையான மருந்து, உங்கள் சோதனைக்குத்தான் பொருந்தாது.

அதே புரதக் கரைசலில் சாதாரண ஹெப்பாரின் சேர்த்துப் பாருங்கள். தடுப்பு திரும்பினால் புரதம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

திரும்பாவிட்டால் சேமிப்பைச் சந்தேகிக்கலாம். சூடு பட்டால் இந்தப் புரதம் தன் வடிவம் மாறி, த்ராம்பினைப் பிடிக்கும் திறனை இழந்துவிடும். கரைத்தவுடன் சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். கரன்ட் போனால் ஃப்ரீசரைத் திறக்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு அதுதான் கவலை. குரோமோஜெனிக் சப்ஸ்ட்ரேட் (த்ராம்பின் வெட்டியதும் மஞ்சள் நிறம் தரும் பொருள்) பயன்படுத்தினால் 405 நானோமீட்டரில் மஞ்சள் நிறத்தைத்தானே அளப்பீர்கள்? ஆவாரம்பூச் சாறே மஞ்சள். அந்த நிறம் அளவோடு சேர்ந்துகொண்டால், சாறு உண்மையில் தடுத்தாலும் தடுக்காதது போலத் தெரியும். த்ராம்பின் இல்லாமல் சாறும் சப்ஸ்ட்ரேட்டும் மட்டும் சேர்த்து சாற்றின் நிறத்தைக் கழிக்க ஒரு பிளாங்க் கட்டாயம் வையுங்கள். கடைசி அளவை மட்டும் எடுக்காமல், நிறம் ஏறும் வேகத்தைக் கணக்கிடுங்கள்.