ராத்திரி இரண்டு மணிக்குப் போன் யாரோடு பேசுகிறது?

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். எந்த ஆப் எங்கே இணைகிறது என்று காட்டும் ஒரு ஆப்பை மகன் அவருடைய போனில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதைத் திறந்து பார்த்தால், எல்லோரும் தூங்கும் நேரத்தில், ராத்திரி 2 மணிக்கு மேல், 1ஈ100 டாட் நெட் என்ற முகவரிக்கு நூறு தடவைக்கு மேல் போயிருக்கிறதாம். பேஸ்புக்கே வைத்துக்கொள்ளாதவர் போனில் பேஸ்புக் முகவரி. சில வரிகளில் சிங்கப்பூர், அமெரிக்கா. செல்போன் கடையில் காட்டியபோது "ஹேக் ஆயிடுச்சு, சுத்தம் பண்ண 2,500 ரூபாய்" என்றார்களாம். கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை.

1ஈ100 என்பது ஒன்றுக்குப் பின்னால் நூறு பூஜ்யம். அந்த எண்ணுக்கு கூகோல் என்று பெயர், கூகுள் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். முகவரியும் கூகுளுடையதே. மெசேஜ் வந்த உடனே போன் மணியடிக்க வேண்டுமென்றால் கூகுள் சர்வரோடு ஒரு கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். அந்த வரிக்குப் பக்கத்தில் 5228 என்ற எண் இருந்தால் அது அந்தக் கதவுதான். ராத்திரியில் கூடுவதற்கும் காரணம் இருக்கிறது: சார்ஜில் போட்டு வைஃபையில் விட்டுத் தூங்கினால், ஆப்களைப் புதுப்பிப்பது, போட்டோக்களை மேலே ஏற்றுவது, வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். பேஸ்புக் முகவரி வருவது, பெரும்பாலும் வேறு ஏதோ ஆப்பை எழுதியவர்கள் பேஸ்புக் தரும் நிரல் துண்டு ஒன்றை உள்ளே வைத்திருப்பதால். எனக்கு அது பிடிக்காது, ஆனால் அது திருட்டு அல்ல. சிங்கப்பூர் என்று காட்டுவது சர்வர் இருக்கும் ஊர், திருடன் இருக்கும் ஊர் இல்லை.

இதையெல்லாம் ஒரு ஆசிரியை தெரிந்துகொண்டே ஆக வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்குக் கோபம். ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் கேமராவைத் தொட வேண்டுமானால் உங்களைக் கேட்கும், மைக்கைத் தொட வேண்டுமானால் கேட்கும், ஆனால் இணையத்துக்குப் போக உங்களைக் கேட்பதே இல்லை, போட்ட உடனே அந்த அனுமதி தானாகக் கிடைத்துவிடும். கேட்காமல் கொடுத்துவிட்டு, அப்புறம் புரியாத முகவரிகளாகக் காட்டினால் யாருக்குத்தான் நெஞ்சு படபடக்காது? அந்தப் படபடப்பை வைத்துத்தான் கடைக்காரர் 2,500 கேட்கிறார். அந்த இணைப்புகளில் அநேகமாக எல்லாமே பூட்டிய உறைக்குள் போகிறவை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவராலும் பார்க்க முடியாது.

இன்னொன்று, இதை நன்றாக மனதில் வையுங்கள். உண்மையான திருட்டு ஆப் பெரும்பாலும் அதிகம் டேட்டா செலவழிக்காது. ஓடிபி என்பது ஆறு எண், அதை வெளியே அனுப்ப எவ்வளவு டேட்டா வேண்டும்? என்னிடம் வந்த ஒரு போனில் கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை, அதாவது ஆப்பைப் போனில் ஏற்றும் கோப்பை, தொட்டிருந்தார்கள். பத்திரிகை திறக்கவில்லை, ஐகானும் காணாமல் போய்விட்டது, அவர்களும் மறந்துவிட்டார்கள். டேட்டா கணக்கில் அது ஒரு எம்பி கூடத் தாண்டவில்லை. திரையைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தொடவும் ஆப்புக்கு இடம் கொடுக்கும் ஆக்சசிபிலிட்டி பட்டியலில் மட்டும் 'கஸ்டமர் சப்போர்ட்' என்ற பெயரில், பச்சையாக ஆன் ஆகி உட்கார்ந்திருந்தது. வரும் எஸ்எம்எஸ் எல்லாம் அது வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

அதனால் முகவரிப் பட்டியலை மூடிவிட்டு செட்டிங்ஸுக்குப் போங்கள். மேலே தேடும் இடத்தில் ஆக்சசிபிலிட்டி என்று தேடுங்கள் (ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மூலையில் ஒளித்து வைத்திருப்பதால் தேடுவதுதான் சுலபம்). நீங்கள் போடாத ஆப் அங்கே ஆன் ஆகியிருக்கக் கூடாது. எஸ்எம்எஸ் அனுமதி, நோட்டிபிகேஷன் படிக்கும் அனுமதி, போனையே கட்டுப்படுத்த விடும் டிவைஸ் அட்மின் மூன்றையும் அதேபோலப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் முதலில் இணையத்தை அணையுங்கள், அந்த அனுமதியை எடுங்கள், பிறகு ஆப்பை நீக்குங்கள். வங்கிப் பாஸ்வேர்டை வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

டிவைஸ் அட்மின் பட்டியலில் ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில் நிறையப் பேர் பதறுகிறார்கள். போனைத் தவணையில் வாங்கியிருந்தால், கடன் கொடுத்தவர்கள் ஒரு பூட்டு ஆப்பை உள்ளே போட்டிருக்கலாம், தவணை தவறினால் போனை முடக்க. அதை நீக்க முடியாது, அடிக்கடி தன் சர்வரோடு பேசும், பெயரும் சந்தேகப்படும்படியாகத்தான் இருக்கும். பார்ப்பதற்கு அச்சு அசல் வைரஸ் மாதிரி, ஆனால் வைரஸ் இல்லை. தவணை நடக்கும்போது யாராவது "அதை எடுத்துத் தருகிறேன்" என்றால் நம்பாதீர்கள், போன் பூட்டிக்கொண்டால் அவர் பொறுப்பேற்க மாட்டார். தவணை முடிந்த பிறகும் அது இருந்தால் விடக்கூடாது. கடன் முடிந்த சான்றோடு கேட்டு எடுக்க வையுங்கள். உங்கள் போன் மகன் முழுப் பணம் கொடுத்து வாங்கியதா, தவணையிலா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

*#21# அடித்தால் ஹேக் ஆனது தெரியும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அது உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று காட்டும் பழைய எண், வேறு எதையும் காட்டாது. அதைவிட, யாராவது போனில் *401* என்று தொடங்கி ஒரு எண்ணை அடிக்கச் சொன்னால் அடிக்கவே அடிக்காதீர்கள், அதுதான் உங்கள் அழைப்பைத் திருடனுக்குத் திருப்பிவிடும் எண். இப்படி எண் அடித்து அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எத்தனை வருடம் முன்னால் செய்திருக்க வேண்டியது! கணக்கில் பணம் போயிருந்தால் மட்டும் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், பிறகு வங்கிக்கு. உங்கள் விஷயத்தில் அது தேவைப்படாது.

கடைசியாக ஒரு கேள்வி. கடையில் காட்டியபோது போனை அவர் கையில் கொடுத்து, பூட்டு எண்ணையும் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அந்த எண்ணை இன்றே மாற்றுங்கள், அன்றைக்குப் புதிதாக ஏதாவது ஆப் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எனிடெஸ்க் போல வெளியிலிருந்து போனை இயக்கும் ஆப் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். 'கிளீனர்' என்ற பெயரில் ஏதாவது இருந்தால் அதையும்.