எச்சரிக்கைகளைக் கேட்டிருந்தால் சேலஞ்சர் விபத்தைத் தடுத்திருக்க முடியுமா?

முடியும். 1986 ஜனவரி 28 காலை, அமெரிக்காவின் நாசா ஏவிய சேலஞ்சர் விண்கலத்தில் இருந்த 7 பேர் செத்திருக்க வேண்டியதே இல்லை. கேள்வியைப் பார்த்தால் நீங்கள் பொறியியல் மாணவர் என்று தோன்றுகிறது. "பொறியாளர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாமே?" என்று கூடவே கேட்டிருக்கிறீர்கள். அந்த வரி என்னைச் சுட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

விண்கலத்தை மேலே தூக்கும் திட எரிபொருள் ராக்கெட்டுகளான பூஸ்டர்களைச் செய்தது யூட்டாவில் இருந்த மார்ட்டன் தயாகோல் நிறுவனம். பூஸ்டர் பல துண்டுகளாக வந்து இணைக்கப்படும். இணைப்பு வழியாக நெருப்பு வெளியே வராமல் அடைக்க, சுமார் 7 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு ரப்பர் வளையங்கள், அதாவது ஓ-ரிங்குகள். பற்றவைத்ததும் அழுத்தத்தில் உருளை உப்பி இணைப்பில் லேசாக இடைவெளி விழும். ரிங் உடனே விரிந்து அதை அடைக்க வேண்டும். அங்கே வேலை பார்த்த ரோஜர் போஜலேயும் மற்றவர்களும் 1985இல் இதைச் சோதித்தார்கள். 38 டிகிரி செல்சியஸில் ரிங் உலோகத்தை விட்டு விலகவே இல்லை. 24 டிகிரியில் 2.4 விநாடி விலகி நின்றது. 10 டிகிரியில் 10 நிமிடம் ஆகியும் திரும்ப வந்து தொடவில்லை. பூஸ்டரில் முழு அழுத்தம் ஏற ஒரு விநாடிகூட ஆகாது. அந்த ஜூலை 31ஆம் தேதியே, உயிர்கள் போகும் என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் போஜலே.

ஏவுதலுக்கு முந்தின இரவு தொலைபேசிக் கூட்டம். 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றது தயாகோல். "அப்புறம் எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?" என்று கேட்டார் நாசாவின் லாரி மல்லாய். 5 நிமிடம் தனியாகப் பேசிக்கொள்கிறோம் என்று போன தயாகோல்காரர்கள் அரை மணி நேரம் கழித்து வந்து சரி என்றார்கள். அந்த இடைவெளியில்தான் பொறியியல் பிரிவுத் தலைவர் பாப் லண்டிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போடு என்று சொல்லப்பட்டது. ஏவுதளம் இருந்த ஃபுளோரிடாவில் தயாகோல் சார்பில் இருந்த ஆலன் மெக்டொனால்டு, ஏவலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். யூட்டாவிலிருந்து வேறொருவர் போட்டு அனுப்பினார். ஏவும்போது குளிர் சுமார் 2 டிகிரி. முதல் விநாடியிலேயே வலது பூஸ்டரின் கீழ் இணைப்பில் கரும்புகை வந்தது. 73ஆவது விநாடியில் விண்கலம் சிதறி எல்லாம் முடிந்தது.

வழக்கமாக, ஏவலாம் என்று சொல்கிறவர்தான் பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும். அன்று, வேண்டாம் என்றவர்களை 'கண்டிப்பாகப் பழுதாகும் என்று நிரூபி' என்றார்கள். இதில் எவ்வளவு அழுத்தமாகச் சொன்னால் போதும்?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸில் இருந்தேன். பாலியஸ்டர் துணிக்குச் சாயம் ஏற்றும் மெஷின் 130 டிகிரி வரை போகும். ஒரு மெஷினில் மூடியின் கேஸ்கட் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) இறுகிப்போய், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்குக் கெட்டியாகிவிட்டது. 110 டிகிரியைத் தாண்டினாலே ஓரத்தில் நீராவி சீறும். கேஸ்கட் மாற்றும்வரை சூடு ஏற்றக்கூடாது என்று லாக் புக்கில் எழுதினேன். மேனேஜர் கூப்பிட்டு, "போன மாசமும்தான் சீறுச்சு, ஓடலையா? இன்னைக்கு ராத்திரி பிச்சுக்கும்னு எழுதிக் குடு, நிறுத்திடறேன்" என்றார். அப்படி யாரால் எழுதித் தர முடியும்? நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த ஷிஃப்ட்காரர் போட்டார். அன்று இரவே கேஸ்கட் ஒரு பக்கம் பிதுங்கி, ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்ப்பர் பையனுக்குக் கழுத்திலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. பிழைத்துக்கொண்டான். விசாரணையில் என்னிடம் கேட்டது: "நீங்க ஏன் இன்னும் அழுத்தமா சொல்லலை?"

சாயப்பட்டறையையும் நாசாவையும் ஒன்றாக வைப்பதா என்று யாராவது வரக்கூடும். அளவு வேறு என்பது எனக்கும் தெரியும். கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். இன்னொன்றும் சொல்வார்கள்: தயாகோல் பொறியாளர்கள் அன்றிரவு நாசாவுக்கு அனுப்பிய அட்டவணைகள் சரியில்லை என்று. அதில் உண்மை இருக்கிறது. முந்தைய பறத்தல்களில் ரிங் சேதமானவற்றை மட்டும் காட்டினார்கள். சேதமே இல்லாதவை எல்லாம் சுமார் 19 டிகிரியும் அதற்கு மேலும் நடந்தவை. அதையும் சேர்த்திருந்தால் குளிரின் பங்கு பளிச்சென்று தெரிந்திருக்கும். ஆனால் ஒரே மாலையில் அவசரமாகத் தயாரித்த தாள்கள் அவை. நிறுத்திவிட்டு, மறுநாள் முழுத் தரவையும் கொண்டு வா என்று நாசா சொல்லியிருக்கலாமே.

     

தீர்வு அப்போது கைக்கு எட்டாத ஒன்றா? இல்லை. விபத்துக்குப் பிறகு மெக்டொனால்டு தலைமையில் இணைப்பை மாற்றினார்கள். மூன்றாவது ஓ-ரிங் வந்தது, இணைப்பு குளிராமல் இருக்க ஹீட்டர் வந்தது. 1988 செப்டம்பரில் மற்ற விண்கலங்கள் மறுபடி பறந்து, 2011இல் ஓய்வு பெறும்வரை அந்த இணைப்பால் ஒரு விபத்தும் இல்லை.

2003இல் நடந்த கொலம்பியா விண்கல விபத்து பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதில் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். எரிபொருள் தொட்டியிலிருந்து கழன்ற நுரைத் துண்டு இறக்கையில் மோதியது தெரிந்தும், பொறியாளர்கள் கேட்ட படங்களை எடுக்கவில்லை. அது தவறு. ஆனால் ஓட்டையைப் பார்த்திருந்தாலும், அட்லாண்டிஸ் என்ற இன்னொரு விண்கலத்தை அவசரமாகத் தயார்செய்து அனுப்புவதுதான் ஓரளவு நம்பக்கூடிய வழி, அதிலும் எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும். தனிக் கேள்வியாகப் போடுங்கள், விரிவாக எழுதுகிறேன்.